தக்காளி சாஸ் (இத்தாலியச் சமையல்)

இக்கட்டுரை பாஸ்தாவுடன் சேர்க்கப்படும் இத்தாலியத் தக்காளி சாஸ் பற்றியது. புட்டிகளில் விற்கப்படும் இனிப்பும் புளிப்பும் கலந்த தொடுகறி பற்றி அறிய, தக்காளி கெட்சப் என்ற கட்டுரையைப் பார்க்க.

தக்காளி சாஸ் என்பது தக்காளிப் பழத்தை எண்ணெய், உப்பு, பூண்டு அல்லது வெங்காயம் ஆகியவற்றுடன் சமைத்து, நீர் வற்றச் செய்து பெறப்படும் குழைவான தொடுகறி ஆகும். இத்தாலிய மொழியில் இது சல்சா தி பொமோதோரோ எனப்படுகிறது. பாஸ்தாவுடன் கலந்து உண்பதே இதன் முதன்மையான பயன்பாடாகும். வீட்டில் செய்யப்படும் எளிய வகைக்கு ஐந்தாறு பொருட்களும் அரை மணி நேரமும் போதுமானவை. பொருட்கள் குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றின் தரமும் சுவையில் நேரடியாக வெளிப்படுகிறது. பழுக்காத தக்காளியோ கருகிய பூண்டோ இதில் மறைந்து நிற்க வேறு மசாலாப் பொருள் எதுவும் இல்லை.

இத்தாலியச் சமையலின் அடையாளமாக இன்று இது கருதப்பட்டாலும், தக்காளி அந்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த பயிர் ஆகும். பாஸ்தா இத்தாலியில் பல நூற்றாண்டுகள் தக்காளி இல்லாமலேயே உண்ணப்பட்டு வந்தது.

பெயர்

பொமோதோரோ என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் 'பொன் ஆப்பிள்' என்பது நேர்ப்பொருள். ஐரோப்பாவுக்கு முதலில் வந்த தக்காளிகளுள் மஞ்சள் நிற வகைகள் இருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. பியெத்ரோ அந்திரேயா மத்தியோலி என்ற மருத்துவரும் தாவரவியலாளரும் 1544 இல் வெளியிட்ட நூலில் இப்பழத்தைக் குறிப்பிட்டார். 1554 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்குப் 'பொன் ஆப்பிள்' என்ற பெயரையும் தந்தார்.

இத்தாலியில் சல்சா, சுகோ ஆகிய இரு சொற்களும் தக்காளி சாஸைக் குறிக்க வழங்குகின்றன. வீடுகளில் இவை பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் எளிய தக்காளி சாஸ் மரினாரா எனப்படுகிறது. இத்தாலியில் அல்லா மரினாரா என்று கூறப்படும் பாஸ்தாவில் கடலுணவு சேர்ந்திருக்கலாம் என்பதால், இப்பெயர் பயணிகளுக்குக் குழப்பம் தருவது உண்டு.

தமிழ்நாட்டில் 'தக்காளி சாஸ்' என்றால் பெரும்பாலானோர் கெட்சப்பையே எண்ணுவர். கெட்சப்பில் வினிகரும் சர்க்கரையும் மிகுதி. இங்கு விவரிக்கப்படும் சாஸில் வினிகர் சேர்வதில்லை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தினால் முற்றிலும் வேறொரு உணவே கிடைக்கும். ஜப்பானில் நப்போரித்தான் என்ற பெயரில் கெட்சப் சேர்த்துச் செய்யப்படும் ஸ்பகெத்தி தனக்கென ஓர் இடம் பெற்றிருப்பினும், அது இச்சாஸின் வகை அன்று.

வரலாறு

தக்காளியின் காட்டு உறவினங்கள் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளர்பவை. அது பயிராக வளர்ச்சி பெற்றது மெக்சிக்கோ பகுதியில் ஆகும். 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது. 1548 அக்டோபர் இறுதியில் பீசா நகரிலிருந்த கோசிமோ தெ மேதிசியின் இல்லத்துக்கு ஒரு கூடைத் தக்காளி வந்து சேர்ந்ததாகக் கடிதக் குறிப்பு உள்ளது. எனினும் நெடுங்காலம் அது பெரும்பாலும் தோட்டங்களில் காட்சிக்காகவும் ஆர்வத்துக்காகவும் வளர்க்கப்பட்ட செடியாகவே இருந்தது. நஞ்சுள்ள சில செடிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பலர் அதை ஐயத்துடன் நோக்கினர்.

இத்தாலியில் அச்சான முதல் தக்காளி சாஸ் குறிப்பு அந்தோனியோ லத்தீனி எழுதிய 'லோ ஸ்கால்கோ அல்லா மொதேர்னா' என்ற நூலில் காணப்படுகிறது. நாப்போலியில் (நேப்பிள்ஸ்) ஸ்பானிய அதிகாரி ஒருவரின் இல்லத்தில் விருந்து மேற்பார்வையாளராகப் பணியாற்றிய லத்தீனி, இந்நூலின் முதல் தொகுதியை 1692 இல் வெளியிட்டார். அப்போது நாப்போலி ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. 'ஸ்பானிய முறைத் தக்காளி சாஸ்' என்று அவரே பெயரிட்டுள்ள இக்குறிப்பின்படி, தக்காளியைத் தணலில் சுட்டுத் தோல் உரித்துப் பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், தைம் என்னும் மூலிகை, உப்பு, எண்ணெய், வினிகர் ஆகியன சேர்க்க வேண்டும். இது வேகவைத்த இறைச்சி முதலியவற்றுடன் உண்பதற்கானது, பாஸ்தாவுக்கு உரியதன்று. தணலில் சுட்ட தக்காளியும் மிளகாயும் சேர்வது இக்காலத்து இத்தாலியச் சாஸைவிட மெக்சிக்கோவின் சல்சாவையே நினைவூட்டுகிறது.

அக்காலத்தில் நாப்போலி மக்கள் வேகவைத்த பாஸ்தாவின் மீது பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி உண்டனர். பாஸ்தாவுடன் தக்காளி சேரும் தொடக்ககாலப் பதிவாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, பிரான்செஸ்கோ லியோனார்தி 1790 இல் வெளியிட்ட 'லபிச்சியோ மொதேர்னோ' என்ற நூலாகும். இப்போலீத்தோ கவல்காந்தி என்ற பிரபு 1839 இல் வெளியிட்ட தம் சமையல் நூலின் இரண்டாம் பதிப்பில், நாப்போலி வட்டார மொழியில் எழுதிய பிற்சேர்க்கை ஒன்றை இணைத்தார். அதில் தக்காளி சேர்த்த வெர்மிச்செல்லி இடம்பெற்றுள்ளது. வீட்டுச் சமையலை வீட்டு மொழியிலேயே எழுதிய இப்பகுதியில் அவ்வுணவு வருவதால், அதற்குள் அது நாப்போலி இல்லங்களில் பரவியிருந்தது எனக் கொள்ளலாம்.

1891 இல் பிளாரன்சு நகரில் பெல்லெக்ரீனோ அர்த்தூசி தம் செலவிலேயே வெளியிட்ட சமையல் நூல், இத்தாலி ஒரே நாடாக இணைந்த பின்னர் வெளிவந்த நூல்களுள் பெரும் செல்வாக்குப் பெற்றது. எல்லாருடைய விவகாரத்திலும் தலையிடும் பாதிரியார் ஒருவருக்கு, எதிலும் சேர்ந்துவிடும் தக்காளியை வைத்து ஊரார் 'தோன் பொமோதோரோ' என்று பட்டப்பெயர் சூட்டிய கதையுடன் அர்த்தூசி தம் தக்காளி சாஸ் குறிப்பைத் தொடங்குகிறார். வெங்காயம், பூண்டு, செலரி முதலியன சேர்வதைச் சல்சா என்றும், தக்காளியை மட்டும் வேகவைத்து வடித்து எடுப்பதைச் சுகோ என்றும் அவர் பிரித்துக் கூறினார்.

1880 முதல் 1924 வரையான காலத்தில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் தெற்கு இத்தாலியைச் சேர்ந்தவர்கள் என்பதால், தக்காளி சேர்ந்த தென்னித்தாலியச் சமையலே உலகின் பிற பகுதிகளில் இத்தாலியச் சமையலாக அறியப்படலாயிற்று. வெண்ணெயும் அரிசியும் மிகுந்த வட இத்தாலியச் சமையல் இவ்வளவு பரவலாக அறியப்படவில்லை.

பொருட்கள்

தக்காளி

சாஸுக்குச் சதை மிகுந்து விதையும் நீரும் குறைந்த நீள்வடிவத் தக்காளிகள் விரும்பப்படுகின்றன. இவற்றுள் புகழ்பெற்றது வெசூவியசு எரிமலையை அடுத்துள்ள சமவெளியில் விளையும் சான் மர்சானோ ஆகும். அப்பகுதியில் விளைந்து பதப்படுத்தப்படும் இவ்வகைத் தக்காளிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1996 இல் பிறப்பிடக் காப்புப் பெயர் வழங்கியது. இப்பெயரின் மதிப்பைக் கருதி, வேறு இடங்களில் விளைந்தவற்றையும் இதே பெயரில் விற்பது வழக்கமாகிவிட்டதால், பெயரை மட்டும் நம்பி மிகுந்த விலை கொடுப்பதில் பயன் இல்லை.

எவ்வகையானாலும் செடியிலேயே நன்கு சிவந்த பழமாக இருத்தல் முதன்மையானது. தக்காளியின் எடையில் ஏறத்தாழ 94 விழுக்காடு நீர் ஆகும். சாஸ் செய்தல் என்பது பெரும்பாலும் அந்நீரில் ஒரு பகுதியை ஆவியாக்குதலே. பழத்தில் இல்லாத சுவையை அடுப்பால் தர இயலாது. இருப்பதைச் செறிவாக்கவே இயலும். எனவே நல்ல பழம் கிடைக்காத பருவத்தில் இத்தாலியரும் டின்னில் அடைத்த முழுத் தக்காளியையே (பெலாத்தி) பயன்படுத்துகின்றனர். இதனை ஒரு குறையாக அவர்கள் கருதுவதில்லை. துண்டுகளாக்கி அடைத்த டின்களில் கால்சியம் குளோரைடு சேர்க்கப்படுவது உண்டு. அது துண்டுகள் குழையாமல் காப்பதால், நெடுநேரம் கொதித்தாலும் அவை கரைவதில்லை. ஆதலால் சாஸுக்கு முழுத் தக்காளி டின்னே ஏற்றது.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிடைப்பவற்றுள் நாட்டுத் தக்காளி சாறும் புளிப்பும் மிகுந்தது; பெங்களூர்த் தக்காளி எனப்படும் ஒட்டு வகை சதைப்பற்று மிகுந்து புளிப்புக் குறைந்தது. நாட்டுத் தக்காளியில் சுவை நன்றாக அமையும். ஆனால் நீர் வற்றக் கூடுதல் நேரம் ஆகும். இரண்டையும் கலந்து செய்வது நல்ல பயன் தரும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த தக்காளி மணத்தை இழப்பதால், பழுக்கும் வரை வெளியிலேயே வைத்திருத்தல் நன்று.

விதைகளையும் அவற்றைச் சூழ்ந்த கூழையும் நீக்கிவிடுமாறு பல சமையல் நூல்கள் கூறுகின்றன. ஆனால் உமாமி என்னும் சுவைக்குக் காரணமான குளுத்தாமிக் அமிலம் சதையைவிட அக்கூழிலேயே மிகுந்துள்ளது. சாஸ் வழுவழுப்பாக வேண்டுமெனில் கூழைச் சல்லடையில் வடித்து விதையை மட்டும் நீக்கலாம். கூழை எறிந்துவிடுதல் சுவையை எறிவதாகும்.

எண்ணெய், பூண்டு, மூலிகை

ஆலிவ் எண்ணெய் (ஒலிவ எண்ணெய்) தெற்கு இத்தாலியில் வழக்கமானது. தக்காளிக்கு நிறம் தரும் லைக்கோப்பீன் கொழுப்பில் கரைவது. எண்ணெயுடன் சமைக்கும்போது உடல் அதனை எளிதாக ஏற்கிறது.

பூண்டு, வெங்காயம் ஆகிய இரண்டில் ஒன்றே ஒரு சாஸில் சேர வேண்டும் என்று கருதும் இத்தாலியர் பலர். பூண்டு சேர்ந்தது விரைவில் முடிக்கும் சாஸுக்கும், வெங்காயம் சேர்ந்தது சற்றே இனிப்பான சாஸுக்கும் பொருந்தும். இது விதியன்று; எனினும் முதன்முறை செய்பவர் ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்த்தல் நன்று.

பசில் என்னும் மூலிகை தமிழில் திருநீற்றுப்பச்சை எனப்படும் செடியே ஆகும். இதன் விதையே சப்ஜா விதை என விற்கப்படுகிறது. இத்தாலியில் பயிரிடப்படும் வகைகள் அகன்ற இலையும் இனிய மணமும் உடையவை. வழிபாட்டுக்குரிய துளசி இதே பேரினத்தைச் சேர்ந்ததாயினும் வேறு இனம். அதன் கிராம்பு போன்ற காரமணம் இச்சாஸுக்குப் பொருந்தாது.

செய்முறை

நான்கு பேருக்கு 400 கிராம் உலர்ந்த பாஸ்தா தேவைப்படும். அதற்கு 1 கிலோகிராம் பழுத்த தக்காளி (அல்லது 800 கிராம் டின் தக்காளி), 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், 2 பூண்டுப் பற்கள், 8 திருநீற்றுப்பச்சை இலைகள், 1 தேக்கரண்டி உப்பு ஆகியன போதுமானவை.

தக்காளியின் அடியில் கத்தியால் குறுக்காகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டால் தோல் எளிதில் கழன்று வரும். தோல் உரித்த பழங்களைக் கையால் பிசைந்தோ கத்தியால் கொத்தியோ கொள்ள வேண்டும். வெட்டிய தக்காளியை நெடுநேரம் வைத்திருக்காமல் உடனே அடுப்பில் ஏற்றுதல் வேண்டும். வெட்டியவுடன் பழத்திலுள்ள நொதிகள் பெக்டினைச் சிதைக்கத் தொடங்குவதால், காத்திருக்கும் தக்காளி நீர்த்துப் போகிறது. விரைந்து சூடாக்கினால் நொதிகள் செயலிழந்து சாஸ் கெட்டியாக அமையும்.

அகன்ற வாணலியில் எண்ணெயை ஊற்றி, அது சூடேறும் முன்னரே நசுக்கிய பூண்டை இட வேண்டும். சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடங்களில் பூண்டு வெளிர்பொன் நிறம் அடையும். இதுவே இச்செய்முறையில் மிகுந்த கவனம் வேண்டிய கட்டம். பழுப்பு நிறம் ஏறிவிட்டால் கசப்பு எண்ணெயில் இறங்கிவிடும். பின்னர் எதைச் சேர்த்தாலும் அது நீங்காது. அவ்வாறு நேர்ந்தால் எண்ணெயையும் பூண்டையும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவதே வழி. தக்காளி முழுவதையும் இழப்பதைவிட நான்கு கரண்டி எண்ணெயை இழப்பது மேல். தாளிப்பதற்கு எண்ணெயை நன்கு காயவைத்துப் பழகியவர்கள் இங்குத் தவறுவது மிகுதி.

பின்னர்த் தக்காளியையும் உப்பையும் சேர்த்து, மூடாமல், நடுத்தரத் தீயில் 15 முதல் 25 நிமிடம் வரை அவ்வப்போது கிளறிச் சமைக்க வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் நீர் விரைவில் ஆவியாவதால் பழத்தின் புதிய மணம் பெரிதும் எஞ்சும். ஆழமான பாத்திரத்தில் நேரம் கூடி, மணம் வேறுபடும். பிரஷர் குக்கரில் நீர் வெளியேறாது என்பதால் அது இதற்கு ஏற்றதன்று. பூச்சில்லாத அலுமினியப் பாத்திரமும் இரும்பு வாணலியும் தக்காளியின் அமிலத்துடன் வினைபுரிந்து உலோகச் சுவை தரும்; எவர்சில்வர் ஏற்றது. கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அக்கோட்டில் நீர் உடனே ஓடி நிரம்பாமல் சற்று நிற்பது சரியான பதம். எண்ணெய் ஓரங்களில் பிரிந்து சிவந்து தோன்றுவதும் அதற்கு அடையாளம். பொருள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கும்.

அடுப்பை அணைக்கும் தறுவாயில் திருநீற்றுப்பச்சை இலைகளைக் கையால் கிள்ளிச் சேர்க்க வேண்டும். அதன் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் ஆனது. தொடக்கத்திலேயே சேர்த்தால் பெரும்பகுதி போய்விடும். சாஸை மிக்சியில் அரைத்தால் காற்றும் எண்ணெயும் கலந்து செந்நிறம் மங்கி ஆரஞ்சு நிறமாகும். சுவைக்குக் கேடு இல்லை. எனினும் பலர் இதனைத் தவிர்த்துச் சல்லடையில் தேய்த்தே எடுப்பர்.

பாஸ்தாவுடன் சேர்த்தல்

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீரும் 10 கிராம் உப்பும் என்பது இத்தாலிய வீடுகளில் கூறப்படும் கணக்கு. வெந்த பாஸ்தாவைத் தட்டில் இட்டு அதன்மேல் சாஸை ஊற்றும் முறை வெளிநாடுகளில் பரவலாக இருப்பினும், இத்தாலியில் இரண்டும் வாணலியிலேயே ஒன்றுசேர்க்கப்படுகின்றன. பாஸ்தா முழுதும் வேகச் சற்று முன்னரே எடுத்து, அது வெந்த நீரில் ஒரு கரண்டியுடன் சாஸில் இட்டு ஓரிரு நிமிடம் கிளறினால், அந்நீரிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிணைத்துப் பாஸ்தாவில் ஒட்டச் செய்யும். நடுவில் சிறு உறுதி எஞ்சிய இந்தப் பதம் அல் தென்தே ('பல்லுக்கு') எனப்படும். சாஸ் பாஸ்தாவின் மீது படிந்திருக்க வேண்டுமேயன்றி, சோற்றில் குழம்பு போலத் தேங்கி நிற்றல் கூடாது.

துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டி தூவுவது வழக்கம். அது கன்றின் இரைப்பையிலிருந்து பெறப்படும் நொதியைக் கொண்டு செய்யப்படுவதால், மரக்கறி உண்போர் அதற்கு மாற்றாகத் தாவர அல்லது நுண்ணுயிர் நொதியால் செய்த பாலாடைக்கட்டியைத் தேட வேண்டும்.

புளிப்பைத் தணித்தல்

புளிப்பு மிகுந்த சாஸில் ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்ப்பது பல நாடுகளிலும் உள்ள வழக்கம். சர்க்கரை அமிலத்தை நீக்குவதில்லை. நாவில் அதன் உணர்வை மட்டுமே மறைக்கிறது. அமிலத்தை உண்மையில் குறைப்பது சமையல் சோடா ஆகும். ஆனால் ஒரு சிட்டிகைக்கு மேல் சென்றால் சவர்க்காரச் சுவை ஏற்படும். பொடியாக நறுக்கிய கேரட்டை வெங்காயத்துடன் வதக்கிச் சேர்த்தல் பழைய முறை. பெரும்பாலும் புளிப்பு எனக் கருதப்படுவது உப்புக் குறைவாகவோ நீர் வற்றாமையாகவோ இருப்பதால், முதலில் அவ்விரண்டையும் சரிபார்த்தல் வேண்டும்.

வகைகள்

மிளகாய் சேர்ந்தது அர்ராப்பியாத்தா ('சினமுற்றது'). நெத்தலி மீன், ஆலிவ் காய், கேப்பர் மொட்டு ஆகியன சேர்ந்தது புத்தனெஸ்கா. பன்றியின் கன்னத்து இறைச்சியும் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியும் சேர்வது அமத்ரிச்சானா. இது மத்திய இத்தாலியிலுள்ள அமத்ரிச்சே என்ற ஊரின் பெயரால் வழங்குகிறது. இறைச்சியைப் பல மணி நேரம் தக்காளியில் வேகவைக்கும் நாப்போலியின் ரகூ இவற்றினின்றும் வேறான, ஞாயிற்றுக்கிழமைக்குரிய உணவாகும்.

வடக்கு இத்தாலியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த சமையல் நூலாசிரியர் மார்செல்லா ஹசான் (1924-2013) பரப்பிய முறையில் எண்ணெயும் பூண்டும் இல்லை. தக்காளி, 5 மேசைக்கரண்டி வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு ஆகியவற்றை ஒன்றாக இட்டுச் சிறு தீயில் 45 நிமிடம் வைத்து, இறுதியில் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். வதக்கும் வேலையே இல்லாததால் பூண்டு கருகும் இடரும் இதில் இல்லை.

சேமிப்பும் பாதுகாப்பும்

ஆறிய சாஸைக் குளிர்பதனப் பெட்டியில் 3 அல்லது 4 நாட்கள் வைத்திருக்கலாம். உறைநிலையில் சில மாதங்கள் வரை சுவை குன்றாது இருக்கும். வீட்டில் மிகுதியாகச் செய்பவருக்கு உறையவைத்தலே எளிதும் பாதுகாப்பானதும் ஆகும்.

தெற்கு இத்தாலியில் ஆகஸ்டு மாதத்தில் குடும்பத்தார் கூடி, ஆண்டு முழுமைக்கும் வேண்டிய தக்காளியை வடித்துப் புட்டிகளில் அடைத்துப் பெரிய பீப்பாய்களில் கொதிக்கவைப்பது நெடுங்கால வழக்கம். இவ்வாறு அறை வெப்பநிலையில் சேமிப்பதில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரால் இடர் உண்டு. இதன் வித்துகள் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீரிலும் அழியாதவை. காற்றில்லாத, அமிலம் குறைந்த இடத்தில் முளைத்து, உயிரைப் பறிக்கக்கூடிய நச்சை உருவாக்குபவை. அமிலத்தன்மைக் குறியீடான பிஎச் 4.6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அவை வளர்வதில்லை. தக்காளி பொதுவாக இவ்வெல்லையை ஒட்டியே அமைகிறது. நன்கு பழுத்தவையும் சில வகைகளும் எல்லையைக் கடந்துவிடுகின்றன. நாவின் புளிப்பைக் கொண்டு இதனைக் கணிக்க இயலாது.

ஆகவே வெறும் தக்காளியைப் புட்டியில் அடைப்போர், அரை லிட்டர் புட்டி ஒன்றுக்கு 1 மேசைக்கரண்டி வீதம் கடைகளில் விற்கும் புட்டி எலுமிச்சைச் சாறு சேர்க்குமாறு ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது. பறித்த எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் வேறுபடுவதால், அளவு நிலையான புட்டிச் சாறு கூறப்படுகிறது. பூண்டு, வெங்காயம், எண்ணெய் ஆகியன சேர்ந்த சாஸுக்கு இவ்வளவும், வெறும் தக்காளிக்கான கொதிநேரமும் பொருந்தா. எனவே மேற்கூறிய செய்முறையில் ஆன சாஸைப் புட்டியில் அடைத்து வெளியில் வைத்தல் கூடாது. புட்டியில் அடைக்க விரும்புவோர் தக்காளியை மட்டும் அமிலம் சேர்த்து அடைத்து, திறக்கும் நாளில் பூண்டும் எண்ணெயும் சேர்த்துச் சமைக்கலாம். மூடி உப்பிய புட்டியையும் திறக்கும்போது நுரைத்துப் பீறிடும் புட்டியையும் சுவைத்துப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். நச்சு உள்ள புட்டி எப்போதும் இவ்வடையாளங்களைக் காட்டும் என்பதில்லை. மணமும் நிறமும் மாறாமலே இருப்பதும் உண்டு.